ஆட்சேபனை இல்லை, நடுவர் அவர்களே

மேடைப் பேச்சாளன் ஒருவனுக்கு நேரக்கூடிய பேராபத்து எதுவென்று கேட்டால் பலரும் பலவாறு சொல்வார்கள். ஒலிவாங்கி பழுதாவது என்பார்கள். அவை கலைந்துபோவது என்பார்கள். இரண்டையும் கண்டு, இரண்டிலிருந்தும் உயிரோடு மீண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மையான ஆபத்து, அவன் பேசுவதை யாரேனும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வதுதான். எனக்கு அந்த ஆபத்து ஒரே ஒருமுறை நேர்ந்தது. எழுதிக்கொண்டது ஒரு நீதிமன்றம்.

வட்டவளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்து, ஹட்டனில் படித்து, பாடசாலை விவாத அணிக்குத் தலைவனாக விளங்கியவன் நான். எந்தத் தலைப்பிலும், எந்தப் பக்கத்திலும், எந்த நேரத்திலும் பேசக்கூடியவன். 'நாவேந்தன்' என்று எனக்கொரு பட்டமும் உண்டு. (பட்டம் கொடுத்தவர்கள் அதை ஒரு வெற்றிக்கிண்ணத்தில் பொறித்துக் கொடுத்தார்கள். அந்தக் கிண்ணத்தில் அம்மா உப்பு போட்டு வைத்திருக்கிறார்.) வீட்டில் தேநீர் கேட்பதானாலும் முதற்கண் வணக்கம் கூறி, காரணங்களை அடுக்கி, முடிவுரையில்தான் கேட்பேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அப்பா, களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தபடி சொல்வார்: "அவனுக்குத் தேத்தண்ணியக் குடுத்துரு. இல்லாட்டி ரெண்டாவது சுத்துக்கு வந்துருவான்."

இத்தகைய ஒருவனை வழக்கொன்றில் முதலாம் எதிராளியாக்கிய பெருமை ஒரு கன்றுக்குட்டியைச் சேரும்.

எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு மாடு வளர்ப்பது என்றொரு வழக்கம் இருக்கிறது. மாடு ஒருவருடையது; புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் இன்னொருவருடையது. பால் வளர்ப்பவருக்கு. கன்றுகளில் முதலாவது வளர்ப்பவருக்கு, அடுத்தது மாட்டுக்காரருக்கு என்று மாற்றி மாற்றிப் போகும். இதற்குப் பத்திரமில்லை, சாட்சியில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, மாட்டுக் கயிற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினால் ஒப்பந்தம் முடிந்தது.

செல்வராசு மாமா, அம்மாவின் பெரியப்பா மகன். எங்கள் லயத்தில் வளர்ந்து, கண்டிக்கு அப்பால் ஒரு நகரத்தில் டயர்க் கடை வைத்துக் குடியேறியவர். போகும்போது தமது பசுவை இந்த முறையில்தான் அம்மாவிடம் விட்டுப் போனார். பசுவின் முதற்கன்று இறந்தே பிறந்தது. அம்மா அழுது, அதை மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார். அடுத்தது உயிரோடு வந்தது; சிவந்த நிறமும் நெற்றியில் வெள்ளையும் உடைய பெண்கன்று. செவலை என்று பெயரிட்டோம். செத்ததைக் கன்றென்று யார் எண்ணுவார்கள், செவலைதான் முதற்கன்று என்றார் அம்மா. செத்தாலும் கன்று கன்றுதான், உன் முறை மண்ணுக்குள் போய்விட்டது, செவலை என் முறை என்றார் மாமா.

வெளியாருக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். பழைய பசுவோ வற்றிக்கொண்டிருந்தது. செவலை போனால் எங்கள் பட்டி வெறும் பட்டிதான். நான் ஹட்டனில் படிக்கப் போய்வந்த பஸ் டீசலில் ஓடியதென்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அது பாலில் ஓடியது. விடியுமுன் புல் அறுத்து, பட்டியைக் கழுவி, அதன்பின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு, தோட்டத்து நிர்வாகத்துக்குச் சொந்தமில்லாத ஒரே உடைமை அந்தக் கன்று.

அப்படியானால் அம்மாதானே எதிராளி, நீ எங்கே வந்தாய் என்று கேட்பீர்கள். செவலையின் காதில் மஞ்சள் வில்லை குத்த வந்த கால்நடை அலுவலர், வளர்ப்பவர் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா மலையில் இருந்தார். நான் வாசலில் இருந்தேன். பெயர் கேட்கப்படும்போது பெயர் சொல்லாமல் இருக்கும் பழக்கம் எனக்கில்லை. பட்டத்தோடு சேர்த்துச் சொன்னேன். பால் கறக்கத் தெரியாத நான் அன்றிலிருந்து ஆவணங்களின்படி மாடு வளர்ப்பவன்.

அழைப்பாணை தோட்டத்துக்கு வந்த விதமும் குறிப்பிடத்தக்கது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கைக்குக் கை மாறும். கணக்கப்பிள்ளை பெயர்களை வாசிக்கும் அந்த இடத்தில், கூட்டம் முழுதும் கேட்க, "ராமாயி, ஒனக்கும் ஒம்மகனுக்கும் கோர்ட்டுலருந்து வந்துருக்கு" என்று அறிவித்தார். அம்மா கூனிக் குறுகிப்போனார். நான் நிமிர்ந்து நின்றேன். எனக்கு அதுவரை மாகாண மட்டத்தில் மட்டுமே அழைப்பு வந்திருந்தது.

வழக்கு, மாமா குடியிருக்கும் நகரத்து மாவட்ட நீதிமன்றத்தில். ரயிலில் இறங்கி இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மாவுக்கு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஒரு பேர், அதாவது ஒருநாள் வேலை, போய்விடும்.

ஹட்டனில் சட்டத்தரணி கௌரி மிஸ்ஸிடம் போனோம். அளவாகப் பேசும் பெண்மணி. (அதனாலேயே அவர்மீது எனக்கு அவநம்பிக்கை.) அழைப்பாணையைப் படித்துவிட்டு, என்னைத் தாண்டி அம்மாவைக் கேட்டார்.

"மாடு எங்கம்மா கைமாறிச்சு?"

"எங்க பட்டியிலதான் மிஸ்."

"கன்னு எங்க பொறந்துச்சு?"

"அதே பட்டிதான். நல்ல மழை அன்னிக்கு."

"நீங்க இருக்கிறது?"

"பட்டிக்கு மேல."

மிஸ் பேனாவை மூடினார். "அப்ப அந்தக் கோர்ட்டுக்கு ஒங்க மேல அதிகாரம் இல்ல. நல்லாக் கேட்டுக்கங்க. ஒரு கோர்ட்டுக்கு ஒரு ஆள் மேல அதிகாரம் சும்மா வந்துராது. நீங்க அதோட எல்லைக்குள்ள குடியிருக்கணும், இல்லாட்டி பிரச்சினை அங்க நடந்துருக்கணும், இல்லாட்டி பேச்சுவார்த்த அங்க முடிஞ்சுருக்கணும். இது எல்லாமே ஹட்டன் பக்கம். வழக்குப் போட்டவரு வீட்டுக்குக் கிட்டங்கிறது ஒரு காரணமே இல்ல. ஆட்சேபனை போட்டா வழக்கு அங்க நிக்காது. ஒங்க அண்ணன் இங்க வந்து புதுசாப் போடணும். கடைய விட்டுட்டு மலையேறி வருவாரா?"

"அண்ணனாவது, வர்றதாவது. தங்கச்சி கல்யாணத்துக்கே பொண்ணழைப்பு முடிஞ்சுதான் வந்தாரு" என்றார் அம்மா. அவர் முகம் அப்படித் தெளிந்ததை வெகுநாட்களாக நான் பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணு" என்று மிஸ் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் வர ஒரே ஒரு வழி பாக்கி இருக்கு. நீங்களே போயிக் குடுத்தா."

"அப்படியும் கொடுப்பவர்கள் உண்டா?" என்றேன் ஏளனமாக.

"தெனமும் பாக்குறேன். ஆட்சேபனையச் சொல்லாம, கன்னு யாரோடதுன்னு பேச ஆரம்பிச்சாப் போதும், குடுத்த மாதிரிதான். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாம வாய மூடிக்கிட்டு இருந்தாலும் குடுத்த மாதிரிதான். பேசினாலும் போகும், பேசாட்டியும் போகும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

தாம் நேராக அங்கே வந்துவிடுவதாகவும், ஒருவேளை தாமதமானால் பெயர் கூப்பிடும்போது ஒரே ஒரு சிங்கள வாக்கியம் சொன்னால் போதும் என்றும் சொன்னார்: "அபே லோயர் மிஸ் எனவா." எங்கள் சட்டத்தரணி வருகிறார் என்று பொருள். அம்மா அதை மூன்றுமுறை சொல்லிக் காட்டினார். என்னையும் சொல்லச் சொன்னபோது நான் புன்னகைத்தேன். மாகாண மேடைகளை அதிரவைத்த நாவுக்கு நான்கு சொற்களா?

அன்று மாலை அப்பாவிடம் விடயத்தைச் சொன்னோம். "நெசமாவா? நம்ம மேல அதிகாரம் இல்லாத எடம்னு ஒண்ணு இருக்கா?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்: "கண்டிக்கு அங்குட்டு ஒரு பெரிய கோர்ட்டு. எங்க மேல அதுக்கு அதிகாரமே கெடையாதாம்." எதற்காவது அவர் இவ்வளவு பெருமைப்பட்டு நான் கண்டதில்லை, என் கிண்ணங்கள் உட்பட.

தவணை நாளில் அம்மாவும் நானும் முதல் ரயிலைப் பிடித்தோம். அம்மா வழியெல்லாம் உதட்டுக்குள் "அபே லோயர் மிஸ் எனவா" என்று மந்திரம்போல் உருவேற்றிக்கொண்டு வந்தார். நானும் உருவேற்றினேன்; ஆனால் வேறொன்றை. இறந்து பிறந்த கன்றைக் கன்றெனல் தகுமா என்ற தலைப்பில், முந்திய நாட்களில் ஓர் உரை எனக்குள் தானாகவே உருவாகியிருந்தது. பேசப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும் வாளை உறையில் வைத்துக்கொண்டு போவதில் தவறில்லை என்று கருதினேன்.

நீதிமன்றத்தில் மாமா முன்வரிசையில் இருந்தார். வீடு பக்கத்திலேயே என்பதால் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். கௌரி மிஸ்ஸைக் காணவில்லை. கினிகத்தேனைப் பக்கம் வீதியில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறதென்றும், அதுவரை யாரும் எதுவும் பேச வேண்டாமென்றும் தொலைபேசியில் செய்தி அனுப்பியிருந்தார். அதில் "யாரும்" என்ற சொல்லை இரண்டுமுறை எழுதியிருந்தார்.

எங்கள் வழக்கு கூப்பிடப்பட்டது. பெரட்டில் பெயர் வாசிக்கும்போது எழுவதுபோல அம்மா சட்டென எழுந்தார். தெளிவாக, தடங்கலின்றி, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

நீதிபதி ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல மனிதர். மண்சரிவு பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் மதியத்துக்குப் பிறகு எடுப்போம் என்று வழக்குக் கட்டை ஒதுக்கி வைத்தார். கட்டு பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. அம்மா அமர்ந்துவிட்டார். வழக்கு, வரலாறு, செவலையின் எதிர்காலம் எல்லாம் பத்திரமாக இருந்தன.

அப்போது மாமாவின் சட்டத்தரணி, வயதான, இனிய குரலுடைய ஒருவர், இருக்கையிலிருந்து பாதி எழுந்து சிங்களத்தில் நயமாகச் சொன்னார்: "எங்களுக்கும் அவசரமில்லை ஐயா. இறந்தாலும் கன்று கன்றுதானே. எப்படியும் அவர்களிடம் இதற்குப் பதில் எதுவும் இருக்கப்போவதில்லை."

பதில் எதுவும் இல்லை.

விவாதம் பழகாதவர்களுக்கு அச்சொற்களின் கொடுமை விளங்காது. எதிரணி ஒரு கருத்தை வைத்து, அதற்கு மறுப்பில்லை என்று அறிவித்து, அமரும்போது நீங்கள் எழாவிட்டால் உங்கள் அணி தோற்றது. ஆறாம் வகுப்பிலிருந்து என் முழங்கால்களுக்கு அது கற்பிக்கப்பட்டிருந்தது. மூளைக்குத் தகவல் போகுமுன்பே அவை எழுந்துவிட்டன. அம்மா என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்தார். சட்டை அவர் கையிலிருந்து நழுவியது. நான் கூண்டருகே இருந்தேன்.

"பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, அறிவார்ந்த அவையோரே, எதிரணியில் வீற்றிருக்கும் என் அன்பிற்குரிய மாமா அவர்களே."

அவை நிமிர்ந்தது. நீதிமன்றக் காவலுக்கு வந்து ஓரத்தில் உறங்கிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் விழித்துத் தொப்பியைச் சரிசெய்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பற்கள் சில உதிர்ந்த பெரியவர், என்னருகே அவசரமாக வந்து நின்றார்.

பேசினேன். மூச்சே விடாத ஒன்றை உயிர் என்று எண்ணும் கணக்கு எந்தப் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது என்று கேட்டேன். தாயின் மடியில் வாய்வைக்காத ஒன்றைத் தாய்க்குச் சேய் என்பீரா என்று கேட்டேன். மழையில் நனைந்து அதைப் புதைத்த ஒரு தொழிலாளியின் கண்ணீரை முறைக்கணக்கில் வரவு வைப்பீரா என்று கேட்டபோது என் குரல் திட்டமிட்ட இடத்தில் திட்டமிட்டபடி தழுதழுத்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு நீண்ட பந்தியின் முடிவிலும் நீதிபதியிடம் ஓரிரு சிங்களச் சொற்களைச் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். முதற்பந்தியை "கன்று தங்களுடையதாம்" என்றார். இரண்டாம் பந்தியை "கன்று தங்களுடையதுதானாம்" என்றார். மூன்றாவதற்கு, "அதேதான்" என்றார்.

நான் உச்சத்தை நெருங்கிய வேளையில் வெளியே வீதியில் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ தன் சங்கீதத்தை இசைத்துக்கொண்டு போனது. விவாத மேடையில் மணி அடித்தால் முடிவுரைக்குப் போக வேண்டும். நாவும் முழங்காலைப் போலப் பழக்கத்துக்கு அடிமை. எல்லா மேடையிலும் எப்படி முடிப்பேனோ அப்படியே முடித்தேன்: "இந்த மாமன்றத்தின் தீர்ப்பே இறுதியானது, உறுதியானது. அது எதுவாயினும் தலைவணங்கி ஏற்போம் என்று கூறி, வாய்ப்பளித்தமைக்கு நன்றி நவின்று அமர்கிறேன்." (அமர இடமில்லை. நின்றேன்.)

நீதிபதி ஐயா மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். இப்போது நினைத்தால், அந்த மனிதர் எனக்காக ஒரு கதவைத் திறந்து, வெளியே போ தம்பி என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "நீங்க ஹட்டன் பக்கத்து ஆளுங்கன்னு ஐயா பாத்தாரு. இந்த வழக்க இந்தக் கோர்ட்டு விசாரிக்கிறதுல ஒங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபனை இருக்கா?"

இருக்கிறது என்ற ஒரு சொல். ஒரே ஒரு சொல். அதற்காகத்தான் அம்மா ஒரு பேரை இழந்து, ரயில் ஏறி, அந்த வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார்.

எனக்கோ அது, பேச்சு முடிந்தபின் நடுவர் பேச்சாளனிடம் காட்டும் மரியாதை என்று பட்டது. நெஞ்சில் கை வைத்தேன்.

"ஆட்சேபனையா? ஆட்சேபனை இல்லை, நடுவர் அவர்களே. இதை நான் பெருமையாகவே கருதுகிறேன்."

மொழிபெயர்ப்பாளர் முதன்முறையாக முழுவதையும் மொழிபெயர்த்தார்.

மாமாவின் சட்டத்தரணி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. நீதிபதி இரண்டாம் எதிராளியையும் கேட்டார். அம்மா எழுந்தார். "மிஸ் வர்றாங்கன்னு சொன்னேனேங்க" என்றார் தயங்கி. என்னைப் பார்த்தார். நான் வெற்றி பெற்றவனின் முகத்தோடு தலையசைத்தேன். "அவன் படிச்சவன்ங்க. அவன் சொன்னாச் சரிதான்" என்றார். எழுதப்பட்டது. இருவரும் கையொப்பமிட்டோம். நான் பட்டத்தோடு இட்டேன்.

மிஸ் வந்தபோது நாங்கள் வெளியே மரத்தடியில் இருந்தோம். அவருடைய காலணியெல்லாம் சேறு. அடைபட்ட பாதையை நடந்தே கடந்து வந்திருந்தார்.

"மிஸ், நீங்கள் கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பேசினீங்களா?"

"அவை ஆடிப்போயிற்று."

"அத விடுங்க. ஆட்சேபனை இருக்கான்னு கேட்டாங்களா?"

"கேட்டார்கள்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

மிஸ் அப்படியே மரத்தடி வாங்கில் உட்கார்ந்தார். காலணியைக் கழற்றி, சேற்றைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார். "பெருமைன்னே சொன்னீங்களா?" என்று கடைசியில் கேட்டார். "தம்பி, நான் இத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். அதிகாரத்தத் தெரியாமக் குடுத்தவங்களப் பாத்துருக்கேன். பயந்துபோயிக் குடுத்தவங்களப் பாத்துருக்கேன். நன்றி சொல்லிக் குடுத்த ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே உறைத்திருந்தது. அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். செவலை, இனி அந்தக் கட்டிடத்தின் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டது. மிஸ் மதியம் முயன்றார். நீதிபதி ஐயா வருத்தத்தோடு காலையில் பதிந்ததை வாசித்துக் காட்டினார். என் சொற்கள் இன்னொரு மொழியில், இன்னொருவர் குரலில், முதன்முறையாகத் தெளிவாக ஒலித்தன.

வீட்டுக்குப் போனபோது அப்பா பட்டியில் இருந்தார். அம்மா சுருக்கமாகச் சொன்னார். அப்பா செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். அவர் திட்டியிருந்தால் மறுத்துரைக்க என்னிடம் குறிப்புகள் இருந்தன. அவர் திட்டவில்லை.

"ஏம்ப்பா, நம்ம மேல யாருக்குத்தான் அதிகாரம் இல்ல? கங்காணிக்கு இருக்கு, கணக்கப்பிள்ளைக்கு இருக்கு, தொரைக்கு இருக்கு, கம்பெனிக்கு இருக்கு. பஸ்காரன் வந்து ஏறுங்கிறான், எறங்குங்கிறான். ஒலகத்துலேயே ஒரே ஒரு எடத்துக்கு மட்டுந்தான் இல்லேன்னாங்க. நீ ரயிலேறிப் போயி, அதையும் குடுத்துட்டு வந்துட்டியேப்பா."

குறிப்புகளை மடித்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் தவணைக்குத் தவணை அம்மாவும் நானும் அந்த நகரத்துக்குப் போனோம். ஆனால் மாமா ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறியிருந்தார். தங்கை மீது வழக்குப் போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஊருக்கு வந்த தங்கையைச் சோறு போடாமல் அனுப்ப எங்கள் சனத்தில் அனுமதியில்லை. அவற்றுள் முதல் தவணை முடிந்து நாங்கள் பஸ் நிலையத்தை நோக்கி நடக்கையில் மாமாவின் மனைவி எதிரே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, வழக்குப் போட்டது ஒங்க அண்ணன். நான் இல்ல. வந்து சாப்புட்டுட்டுப் போங்க."

போனோம். வாதியும் எதிராளிகளும் ஒரே பாயில் அமர்ந்து உண்டோம். மாமா என்னைப் பார்க்காமல் ரசத்தை என் பக்கம் தள்ளினார். அடுத்த தவணையிலும் உண்டோம். மழையில் பஸ் நின்றுபோன தவணையில் இரவு தங்கினோம். அம்மா வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒவ்வொருமுறையும் தயிர்ச் சட்டி கொண்டுபோனார். செவலையின் தாய் கொடுத்த கடைசிப் பால். அதை உண்டுவிட்டு மாமா அடுத்த தவணையில் அந்தக் குடும்பத்துக்கு எதிராக நின்றார். அவர் வாங்கிய ஒவ்வொரு தவணையும் அத்தையின் அடுப்பில்தான் போய் விழுந்தது. ஒருநாள் நாங்கள் கைகழுவிக்கொண்டிருக்கையில் உள்ளே அத்தையின் குரல் கேட்டது.

"வீட்டுக்குக் கிட்டன்னு இங்க போட்டீங்க. ஹட்டன்ல போட்டிருந்தா, நாம போயி அவங்க வீட்டுல சாப்புட்டு வந்துருப்போம். இப்ப யாரு வடிச்சுக் கொட்டுறது? ஒண்ணு அந்தக் கன்ன விட்டுத் தொலைங்க. இல்ல, அடுத்த தவணைக்கு நீங்களே ஒலை வைங்க."

அடுத்த தவணைக்கு மாமா உலை வைக்கவில்லை. இணக்கத்துக்கு வருவதாகச் சொன்னார். செவலை அம்மாவுக்கே, இனிப் பிறப்பவற்றில் உயிரோடு வருவதை மட்டுமே முறைக்கணக்கில் சேர்ப்பது, அதில் அடுத்தது மாமாவுக்கு. நீதிபதி ஐயா புன்னகையோடு பதிவு செய்தார். இறந்தது கன்றல்ல என்ற என் வாதமே இறுதியில் வென்றதென்று திரும்பும் வழியில் ரயிலில் எடுத்துரைத்தேன். அம்மா யன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். கௌரி மிஸ் மட்டும் சொன்னார்: "அந்தக் கேஸ்ல கடைசில யாருக்கு அதிகாரம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவங்க கோர்ட்டுக்கே வரல."

அன்றிலிருந்து வீட்டில் நான் வாயைத் திறந்தால் அப்பா கேட்பார்: "ஆட்சேபனை இருக்கா?" அம்மா, கொழுந்துக் கூடையைக் கழற்றாமலே, பதில் சொல்வார்: "பெருமைதானாம்." லயம் முழுவதும் இது தெரியும். பெரட்டில் யாருக்கேனும் பிடிக்காத மலையில் வேலை கொடுத்தால், நெஞ்சில் கை வைத்து அப்படியே சொல்கிறார்கள்.

போன மாதம் எனக்குப் பெண் பேசி முடிக்க வட்டகொடைக்குப் போனோம். எங்கள் தோட்டத்துக் கோயிலில்தான் தாலி கட்ட வேண்டுமென்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. பலகாரம் பரிமாறியபின் பெண்ணின் தந்தை தொண்டையைச் செருமினார்.

"கல்யாணத்த எங்க ஊருக் கோயில்லயே வச்சுருவோம்னு பாக்குறோம். மாப்பிள்ள பக்கத்துல ஆட்சேபனை ஏதும் இருக்குங்களா?"

அந்தச் சொல் விழுந்த கணமே அம்மாவின் கை என் முழங்காலைப் பற்றி அழுத்தியது. அப்பா முறுக்கு ஒன்றை உன்னிப்பாக ஆராயத் தொடங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. பட்ட பாட்டிலிருந்து பாடம் கற்றவன் நான். ஓர் அவை முழுவதும் என்னை நோக்கியிருக்க, வாழ்வில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அப்பச் சரிங்க" என்றார் அவர். தட்டு மாறியது.

திரும்பும் வேன் தலவாக்கலை தாண்டியபின் அம்மா கேட்டார்: "ஏன்டா, நம்ம கோயில்ல வைக்கணும்னு நீ ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"நீங்கதானேம்மா முழங்கால அழுத்தினீங்க?"

"பேசச் சொல்லித்தான்டா அழுத்தினேன்."

அப்பா முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "மிஸ்ஸுக்குப் போன் போடு."

போட்டேன். நடந்ததைக் கூறினேன். மறுமுனையில் அளவாகப் பேசும் அந்தப் பெண்மணி அளவின்றிச் சிரிப்பது கேட்டது. "அது போச்சு தம்பி. இனிமே வட்டகொடைதான். கல்யாணத்துக்கு நான் நேரத்தோட வந்துர்றேன். அதுவரைக்கும் யாரு என்ன கேட்டாலும் ஒங்கம்மாவ முன்னால விடுங்க."

பின்னிருக்கையில் அம்மா ஏற்கெனவே உதட்டுக்குள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்: "அபே லோயர் மிஸ் எனவா. அபே லோயர் மிஸ் எனவா."